எந்த ஹெடர் ஃபைல் வெளியே, எது உள்ளே? - ‘சி’ மொழி தந்த டென்னிஸ் ரிட்சியின் கதை

இன்ஜினியரிங் படித்த யாரும் அந்த இரண்டு வரிகளை மறந்திருக்க மாட்டார்கள். முதல் வருடம், கம்ப்யூட்டர் லேப், நீலத் திரையில் டர்போ சி. என்ன புரோகிராம் எழுதினாலும் தலையில் அந்த இரண்டும் கட்டாயம்: ஹேஷ் இன்க்ளூட் ஸ்டடியோ டாட் ஹெச், ஹேஷ் இன்க்ளூட் கோனியோ டாட் ஹெச். எதற்காகப் போடுகிறோம் என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. போடாவிட்டால் எர்ரர் வரும், அது மட்டும் தெரியும்.

வேலைக்குப் போன பிறகு இதே விஷயம் வேறு மாதிரி வந்து நிற்கும். ஒரு டீம் சொந்தமாக ஒரு சி லைப்ரரி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நாற்பது ஹெடர் ஃபைல்கள். லைப்ரரி இன்னொருவர் மெஷினில் இன்ஸ்டால் ஆகும்போது இதில் எத்தனை அங்கே போக வேண்டும்? நாற்பதும் போகலாமா, நான்கு போதுமா? பில்ட் ஸ்கிரிப்டில் ஒரு வரி முடிவுதான். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வெளியே போன ஹெடரைத் திரும்ப வாங்க முடியாது. யாரோ ஒருவர் அதை நம்பி புரோகிராம் எழுதிவிட்டால், பத்து வருடம் கழித்தும் அதில் கைவைக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

இது கற்பனைப் பயம் கிடையாது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி வாழ்ந்த காலத்திலேயே, அவர் வளர்த்த யூனிக்ஸ் வழியில் வந்த ஒரு சிஸ்டத்திலேயே இது நடந்தது.

ஹெடர் ஃபைல்னா என்ன?

ரேஷன் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும். அரிசி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, என்ன விலை, எவ்வளவு இருப்பு என்று அதில் எழுதியிருக்கும். வாங்க வருபவருக்கு அது போதும். உள்ளே கிடங்கில் மூட்டைகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பது கடைக்காரர் சமாச்சாரம். ஹெடர் ஃபைல் அந்தப் பலகை. லைப்ரரியின் கோடு அந்தக் கிடங்கு.

ஆனால் பலகையிலேயே, சர்க்கரை மூன்றாவது வரிசையில் இரண்டாவது மூட்டை என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நாலு பேர் நேராக உள்ளே போய் அந்த மூட்டையில் கைவிட்டு எடுக்கப் பழகிவிடுவார்கள். அதற்கப்புறம் கடைக்காரரால் மூட்டைகளை இடம் மாற்றவே முடியாது. ஹெடர் விஷயத்தில் மொத்தச் சிக்கலும் இதுதான்.

அப்பா வேலை பார்த்த இடத்துக்கே

டென்னிஸ் மக்அலிஸ்டர் ரிட்சி 1941 செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிராங்ஸ்வில்லில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானி. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கு அடிப்படையான ஸ்விட்சிங் சர்க்யூட் பற்றி வந்த ஆரம்பகாலப் பாடப்புத்தகம் ஒன்றின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். குடும்பம் நியூஜெர்சியின் சம்மிட் நகரில் குடியேறியது. பெல் லேப்ஸின் மர்ரே ஹில் வளாகம் அங்கிருந்து பக்கம்தான்.

ரிட்சி ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். பிறகு அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் பிஎச்.டி ஆய்வு. எந்தக் கணக்கு எவ்வளவு கடினம் என்று கோட்பாட்டளவில் ஆராய்கிற துறை அது. 1968-ல் ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டார். ஆனால் பைண்ட் செய்த பிரதியைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கவில்லை. அதனால் பட்டம் கைக்கு வரவில்லை. பின்னாளில் உலகமே கொண்டாடிய மனிதருக்கு முறைப்படி பிஎச்.டி கிடையாது என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

அதற்கு முந்தைய ஆண்டே, 1967-ல், அவர் பெல் லேப்ஸில் சேர்ந்திருந்தார். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். பணமும் காலமும் போனதே தவிர வேலை முடிகிற மாதிரி தெரியவில்லை. 1969-ல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது. அதே வருடம் ரிட்சியின் சகா கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 மெஷினில் சின்னதாக ஒரு சிஸ்டத்தை எழுதத் தொடங்கினார். அதுதான் யூனிக்ஸ். ரிட்சி அதில் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளி.

வெறும் காப்பி, பேஸ்ட்

யூனிக்ஸுக்காக தாம்சன் பி என்ற மொழியை உருவாக்கியிருந்தார். பிசிபிஎல் மொழியின் சுருங்கிய வடிவம் அது. அதில் டேட்டா டைப் என்ற பேச்சே கிடையாது. எல்லாமே ஒரே அளவுள்ள சொற்கள்தான். அடுத்து வந்த பிடிபி-11 மெஷினுக்கு அது ஒத்துவரவில்லை. அங்கே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி பைட். 1971 முதல் 1973 வரை ரிட்சி அந்த மொழிக்குள் டைப்புகளைக் கொண்டுவந்தார், கம்பைலரைப் புதிதாக எழுதினார், ஸ்ட்ரக்சர் என்ற வசதியைச் சேர்த்தார். சி பிறந்தது. 1973 கோடையில் யூனிக்ஸ் கெர்னலையே சி-யில் மாற்றி எழுதுகிற அளவுக்கு அது தேறிவிட்டது.

ஸ்ட்ரக்சர் வந்ததும் ஒரு நடைமுறைப் பிரச்சினையும் கூடவே வந்தது. கெர்னலில் ஓடுகிற ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கும். அதைத் தொடுகிற ஃபைல்கள் நிறைய. ஒவ்வொரு ஃபைலிலும் அந்த வரையறையைத் திரும்பத் திரும்ப எழுதினால், ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றில் மறந்துபோவது நிச்சயம். மறந்தால் கம்பைலர் சொல்லாது. புரோகிராம் ஓடும்போதுதான் தப்பான இடத்திலிருந்து தப்பான எண் வரும்.

இதற்குத் தீர்வாக 1972-73 வாக்கில் பிரிப்ராசசர் வந்தது. ஆலன் ஸ்னைடர் என்பவர் விடாமல் வலியுறுத்தியது ஒரு காரணம். பிசிபிஎல், பிஎல்/1 மொழிகளில் ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலுக்குள் இழுக்கும் வசதி ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். முதல் பதிப்பில் இரண்டே வேலைகள்: இன்க்ளூட் செய்வது, ஒரு பெயருக்கு பதிலாக இன்னொன்றை வைக்கும் எளிமையான டிஃபைன். மைக் லெஸ்க், ஜான் ரெய்சர் ஆகியோர் பிறகு அதை விரிவாக்கி, மதிப்புகளை வாங்கும் மேக்ரோ, நிபந்தனைக்கு உட்பட்ட கம்பைல் எல்லாம் சேர்த்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிரிப்ராசசரை மொழியின் ஒரு பகுதியாகவே அப்போது யாரும் நினைக்கவில்லை. ஒரு துணைக் கருவி, அவ்வளவுதான். சில வருடங்கள் வரை, புரோகிராமின் தொடக்கத்தில் அதற்கான அடையாளம் இருந்தால்தான் அது கூப்பிடப்படவே செய்தது. அது செய்கிற வேலையும் காப்பி, பேஸ்ட்தான். ஹெடர் ஃபைலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து அந்த இடத்தில் ஒட்டும். அதில் எது பொதுவானது, எது லைப்ரரியின் அந்தரங்கம் என்ற பேதம் அதற்குத் தெரியாது.

சி மொழியில் ஒரு ஃபங்ஷனை ஒரே ஃபைலுக்குள் மறைக்க ஸ்டாட்டிக் என்ற சொல் உண்டு. ஆனால் ஒரு லைப்ரரியின் இரண்டு ஃபைல்கள் தங்களுக்குள் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், வெளியாட்களுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றால்? மொழியில் அதற்கு இடமே இல்லை. தனியாக ஒரு ஹெடர் எழுதி, அதை இன்ஸ்டால் செய்யாமல் விடுவது ஒன்றுதான் வழி. அதனால்தான் எதை எந்த ஃபோல்டரில் போடுவது என்ற சாதாரணக் கேள்விக்கு இவ்வளவு எடை வந்தது. இத்தனைக்கும் இதே 1972-ல்தான் டேவிட் பார்னஸ், ஒரு புரோகிராமைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மறைத்துவைக்க வேண்டும் என்று புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை எழுதினார். மர்ரே ஹில்லில் அப்போது இருந்த அவசரம் வேறு. அவர்களின் முதல் பிடிபி-11-ல் மொத்த மெமரியே 24 கேபி.

கெர்னலின் கிடங்குக்குள்

யூனிக்ஸில் பிஎஸ் என்று ஒரு கட்டளை உண்டு. இப்போது என்னென்ன புரோகிராம்கள் ஓடுகின்றன என்று காட்டும். 1975-ல் வந்த சிக்ஸ்த் எடிஷனில் அது எப்படி வேலை செய்தது தெரியுமா? கெர்னலின் சொந்த ஹெடர் ஃபைல்களை அவை இருக்கும் ஃபோல்டரிலிருந்தே இன்க்ளூட் செய்துகொள்ளும். பிறகு மெஷினின் மெமரியை ஒரு ஃபைல் மாதிரித் திறந்து, புராசஸ் பட்டியல் எந்த முகவரியில் இருக்கிறது என்று பார்த்து, நேராக அங்கிருந்து படிக்கும். கிடங்குக்குள் போய் மூன்றாவது வரிசை இரண்டாவது மூட்டையில் கைவிடுவது என்றால் இதுதான்.

கெர்னலில் அந்த ஸ்ட்ரக்சரில் ஒரே ஒரு உறுப்பைச் சேர்த்தாலும் பிஎஸ்ஸை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மறந்தால் திரையில் குப்பை வரும். கெர்னலை எழுதியவர்களும் பிஎஸ்ஸை எழுதியவர்களும் ஒரே ஆய்வகத்தில் இருந்தவரை இது பெரிய தலைவலியாகத் தெரியவில்லை. யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்கும் கம்பெனிகளுக்கும் பரவிய பிறகுதான் இதன் விலை புரிந்தது.

1979-ல் வந்த செவன்த் எடிஷனில் இதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. எல்லோருக்குமான ஹெடர்கள் யூஎஸ்ஆர் இன்க்ளூட் என்ற ஃபோல்டரில். ஸ்டடியோ, சிடைப், மேத், சிக்னல் எல்லாம் அங்கே. கோண அடைப்புக்குறிக்குள் பெயர் போட்டால் அங்கே தேடு, மேற்கோள் குறிக்குள் போட்டால் முதலில் சொந்த ஃபோல்டரில் தேடு என்ற பழக்கமும் நிலைத்தது. முதல்வகை ஊருக்குப் பொதுவானது, இரண்டாம்வகை வீட்டுக்குள் இருப்பது. இன்றுவரை இதுதான் நடைமுறை. ஆனால் அந்தப் பொது ஃபோல்டருக்குள்ளேயே சிஸ் என்று ஒரு துணை ஃபோல்டர் வைத்து, கெர்னலின் உள் ஹெடர்களையும் அதில் போட்டுவிட்டார்கள். பிஎஸ் மாதிரி புரோகிராம்களுக்கு வேறு வழி இல்லையே!

இதே குழுதான் இன்னொரு இடத்தில் மறைப்பதை மிக அழகாகச் செய்திருந்தது. யூனிக்ஸில் ஒரு ஃபைலைத் திறந்தால் கெர்னல் திருப்பித் தருவது வெறும் ஒரு சின்ன எண். 0, 1, 2 ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை. அடுத்து 3, 4 என்று போகும். உள்ளே அந்த ஃபைலைப் பற்றி கெர்னல் என்ன எழுதிவைத்திருக்கிறது, எந்த டிஸ்க், எந்த இடம் என்பது எதுவும் புரோகிராமுக்குத் தெரியாது. டோக்கன் கொடுத்து அனுப்புகிற மாதிரிதான். ஐம்பது வருடத்தில் டிஸ்க், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் தலைகீழாக மாறியும் அந்த டோக்கன் முறை அப்படியே ஓடுகிறது என்றால் காரணம் இதுதான்.

ஸ்டடியோ டாட் ஹெச் வெளியே விட்ட ரகசியம்

சி மொழிக்குள் திரையில் எழுதவோ ஃபைலைப் படிக்கவோ எந்தக் கட்டளையும் கிடையாது. எல்லாம் லைப்ரரி வேலை. மைக் லெஸ்க் எழுதிய ஒரு இன்புட்-அவுட்புட் தொகுப்பு பின்னர் திருத்தி எழுதப்பட்டு, ஸ்டாண்டர்ட் ஐஓ என்ற லைப்ரரியாக ஆனது. ஸ்டடியோ டாட் ஹெச் அதன் பலகை. இங்கேயும் புரோகிராமருக்குத் தெரிய வேண்டியது ஃபைல் என்ற ஒரு பாயிண்டர் மட்டும்தான் என்பது திட்டம். ஆனால் செவன்த் எடிஷனின் அந்த ஹெடரைத் திறந்து பார்த்தால், பாயிண்டருக்குப் பின்னால் இருக்கும் ஸ்ட்ரக்சர் முழுசாக அங்கேயே எழுதியிருக்கும்: அடுத்து படிக்க வேண்டிய எழுத்து எங்கே, பஃபரில் இன்னும் எத்தனை மீதம், பஃபர் எங்கே தொடங்குகிறது, நிலையைக் குறிக்கும் கொடி, கடைசியாக கெர்னல் கொடுத்த அந்த டோக்கன் எண். இதைப் போல 20 ஸ்ட்ரக்சர்கள் கொண்ட ஒரு வரிசையும் உண்டு.

ஏன் மறைக்கவில்லை? வேகம். ஒரு எழுத்தைப் படிக்கும் கெட்சி என்பது அங்கே ஃபங்ஷன் அல்ல, மேக்ரோ. மீதமுள்ள எண்ணிக்கையில் ஒன்றைக் குறை, பஃபரில் இருந்தால் அடுத்த எழுத்தை எடு, தீர்ந்துபோனால் மட்டும் பஃபரை நிரப்பும் ஃபங்ஷனைக் கூப்பிடு. அன்றைய மெஷினில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தால் புரோகிராம் நொண்டியிருக்கும். ஆனால் மேக்ரோ என்றால் காப்பி, பேஸ்ட். அது பயன்படுத்துபவரின் கோடுக்குள்ளேயே போய் உட்காரும். அப்படியானால் அது தொடுகிற ஸ்ட்ரக்சரும், அது கூப்பிடுகிற உள் ஃபங்ஷனும் வெளியே தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த உள் பெயர்கள் எல்லாம் அண்டர்ஸ்கோரில் தொடங்கின. தொடாதே என்று கதவில் எழுதி, கதவைப் பூட்டாமல் விட்ட மாதிரி. அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான் என்று சொல்ல வேண்டும். லைப்ரரி மாறினால் எல்லா புரோகிராமையும் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம். சோர்ஸ் கோடு எல்லாம் கையில்தானே இருக்கிறது?

1980-களின் பிற்பகுதியில் ஷேர்டு லைப்ரரிகள் வந்தபோது இந்தக் கணக்கு பொய்த்தது. இப்போது புரோகிராம் ஒரு வருடம், லைப்ரரி வேறொரு வருடம் என்று தனித்தனியாக இன்ஸ்டால் ஆகும். பழைய ஹெடரைக் கொண்டு கம்பைல் ஆன புரோகிராமுக்குள் பழைய ஸ்ட்ரக்சரின் அளவு பதிந்துபோயிருக்கும். ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்பது அந்த வரிசையின் இரண்டாவது ஸ்ட்ரக்சர். ஸ்ட்ரக்சர் நாலு பைட் பெரிதானால் இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்பதே மாறிவிடும். பெர்ல் மொழி போன்ற பெரிய புரோகிராம்கள் வேகத்துக்காக அந்த அண்டர்ஸ்கோர் உறுப்புகளை நேரடியாகவே தொட்டன.

இதற்கு வெளிப்படையான பலி, சன் நிறுவனத்தின் சொலாரிஸ். அதன் 32-பிட் ஸ்ட்ரக்சரில் டோக்கன் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பைட். ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும். கெர்னல் ஆயிரக்கணக்கில் ஃபைல்களைத் திறந்து தரத் தயார். ஆனால் ஸ்டாண்டர்ட் ஐஓ வழியாகப் போனால் 255-ஐத் தாண்டிய எண்ணுக்கு இடமில்லை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தாங்க வேண்டிய சர்வர்கள் திணறின. அந்த ஒரு பைட்டைப் பெரிதாக்கினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் உடையும். பழையது உடையாது என்பதுதான் சன் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்த வாக்கு. 64-பிட்டுக்கு மாறும்போதுதான் புதிதாகத் தொடங்க வழி கிடைத்தது. அங்கே பொது ஹெடரில் ஸ்ட்ரக்சரின் உறுப்புகள் எதுவும் இல்லை. இவ்வளவு இடம் என்று மட்டும் எழுதி, உள்ளே இருப்பதை மறைத்துவிட்டார்கள்.

கமிட்டி வகுத்த வேலி

1977-ல் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற முற்றிலும் வேறு மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மெஷினுக்கு மட்டும் பொருந்துகிற விஷயங்களை ஹெடருக்குள் ஒதுக்க வேண்டும் என்ற தெளிவு அந்த மாதிரி வேலைகளில்தான் பிறந்தது. 1978-ல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதிய புத்தகம் சி-யை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1979-ல் செட்-யூஐடி என்ற பாதுகாப்பு முறைக்காக ரிட்சியின் பெயரில் காப்புரிமை கிடைத்தது. சாதாரணப் பயனர், தனக்கு அனுமதியில்லாத ஃபைலைத் தானே தொடாமல், அதற்கென எழுதிய ஒரு புரோகிராம் வழியாக மட்டும் தொட முடியும் என்பது அதன் கருத்து. பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை அப்படித்தான் வேலை செய்தது. எதை நேராகத் தொடலாம், எதைக் கவுண்டர் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற யோசனை அவருக்குப் புதிதல்ல என்பதற்கு இதுவே சாட்சி. 1983-ல் தாம்சனுடன் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

அதே 1983-ல் சி-க்கு முறையான தரம் வகுக்க அமெரிக்காவில் ஒரு கமிட்டி அமைந்தது. 1989 டிசம்பரில் தரம் ஒப்புதல் பெற்றது. அதுவரை ஹெடரில் ஒரு ஃபங்ஷன் என்ன திருப்பித் தரும் என்பது மட்டும்தான் இருக்கும். என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது இருக்காது. தப்பாகக் கொடுத்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது. லிண்ட் என்ற தனிக் கருவியை ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். சி பிளஸ் பிளஸ்ஸிலிருந்து ஃபங்ஷன் புரோட்டோடைப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் ஹெடர் ஒரு உண்மையான ஒப்பந்தம் ஆனது.

கமிட்டி 15 ஹெடர்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் நம் கோனியோ டாட் ஹெச் கிடையாது! அது எம்எஸ் டாஸ் காலத்து கம்பைலர்களோடு வந்த சரக்கு. அதனால்தான் கல்லூரியில் கிளியர் ஸ்கிரீனும் கெட்சிஹெச்சும் போட்டுப் பழகியவர்கள் லினக்ஸில் உட்கார்ந்ததும் எர்ரரில் முழிக்கிறார்கள். ஃபைல் ஸ்ட்ரக்சருக்குள் என்ன இருக்கும் என்பதைத் தரம் சொல்லவே இல்லை. அண்டர்ஸ்கோரும் பெரிய எழுத்தும், அல்லது இரண்டு அண்டர்ஸ்கோர்களும் கொண்டு தொடங்கும் பெயர்கள் கம்பைலர் தரப்புக்கு மட்டும் என்று ஒதுக்கியது. ஹெடர் காப்பி, பேஸ்ட் ஆகும்போது உள்ளே இருக்கும் பெயர்கள் பயனரின் பெயர்களோடு மோதாமல் இருக்க வேறு வேலி இல்லை.

எர்நோ விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு சிஸ்டம் கால் தோற்றுப்போனால் காரணத்தை வைக்கிற எண் அது. ஆதியில் சாதாரண குளோபல் வேரியபிள். தரம் அதை மேக்ரோவாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. பிறகு த்ரெட்கள் வந்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி எர்நோ வேண்டியிருந்தபோது அந்தத் தளர்வு கைகொடுத்தது. ஹெடரை ஒழுங்காக இன்க்ளூட் செய்த புரோகிராம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெடர் எதற்கு என்று தானே ஒரு வரியில் அறிவித்துக்கொண்ட புரோகிராம்கள் 2000-களின் தொடக்கத்தில் புதிய லினக்ஸ் லைப்ரரியோடு சேர மறுத்தன. கியூமெயில் என்ற பிரபலமான மெயில் சர்வர் அதில் ஒன்று. அதை பில்ட் செய்ய ஒரு பேட்ச் போட வேண்டியிருந்தது.

ரிட்சி அந்தக் கமிட்டியில் தினசரி ஆள் இல்லை. பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தார். ஒரு தடவை மட்டும் நேராக இறங்கினார். நோஏலியஸ் என்ற புதிய சொல்லை வரைவில் சேர்த்திருந்தார்கள். கம்பைலர் வேகமான கோடு உருவாக்க அது உதவும் என்பது எண்ணம். லைப்ரரி ஃபங்ஷன்களின் அறிவிப்பு வரைக்கும் அது ஊடுருவும், பயன்படுத்துபவர் அறியாமலே தப்பு செய்ய வைக்கும் என்று ரிட்சி 1988-ல் மிகக் கடுமையாக எழுதி எதிர்த்தார். நோஏலியஸ் நீக்கப்பட்டது. மொழியைப் படைத்தவர் தன் உரிமையை இவ்வளவு அரிதாகப் பயன்படுத்தியதால்தான் அந்த ஒரு தடவை அது எடுபட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அமைதியான கடைசிக் காலம்

பிற்பாடு அவர் பெல் லேப்ஸில் ஒரு ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார். பிளான் 9, இன்ஃபெர்னோ என்ற அடுத்த தலைமுறை சிஸ்டங்கள் அங்கிருந்து வந்தன. ஹெடருக்குள் ஹெடரை இன்க்ளூட் செய்யக் கூடாது என்ற கண்டிப்பை அதே குழுவைச் சேர்ந்த ராப் பைக் முன்வைத்தார். காரணம் எளிது. ஒரு பொது ஹெடர் இன்னொன்றை இழுத்தால் அந்த இன்னொன்றும் பொதுவாகிவிடும். நான்கு ஹெடர்தான் இன்ஸ்டால் செய்கிறோம் என்று நினைத்த லைப்ரரி, சங்கிலி பிடித்துப் போனால் நாற்பதையும் வெளியே தள்ளியிருக்கும். இந்தக் கண்டிப்பை வெளியுலகம் பெரிதாகப் பின்பற்றவில்லை. ஆனால் லைப்ரரியை ஒரு காலி ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்து, ஒவ்வொரு பொது ஹெடரையும் தனித்தனியாக இன்க்ளூட் செய்து கம்பைல் ஆகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்று நல்ல டீம்களில் உண்டு. அப்போதுதான் சங்கிலி எங்கே போகிறது என்று தெரியும்.

1999-ல் அமெரிக்க அதிபர் கிளின்டன் கையால் தேசிய தொழில்நுட்பப் பதக்கத்தை தாம்சனுடன் சேர்ந்து வாங்கினார். 2007-ல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2011 அக்டோபர் 12-ம் தேதி, நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வசித்த வீட்டில் இறந்துகிடந்தது தெரியவந்தது. வயது 70. ராப் பைக்தான் செய்தியை வெளியே சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்தார். செய்தித்தாள்களின் முதல் பக்கங்களில் ரிட்சிக்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் விட்டுப்போன கேள்விக்கு இப்போது கருவிகள் வந்துவிட்டன. ஆட்டோமேக்கில் இன்ஸ்டால் ஆகும் ஹெடர்களுக்கு ஒரு பட்டியல், ஆகாதவற்றுக்கு இன்னொரு பட்டியல் என்று தனித்தனியாகவே எழுத வேண்டும். பில்ட் நேரத்தில் உருவாகும் கான்ஃபிக் டாட் ஹெச் இரண்டாவது பட்டியலைச் சேர்ந்தது என்பது பாலபாடம்; ஏன்னா, இந்த மெஷினில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருப்பது அடுத்த மெஷினுக்குப் பொருந்தாது.

லினக்ஸ் கெர்னலுக்கும் இதே பாடுதான். கெர்னலின் ஹெடர்களைப் பயனர் புரோகிராம்கள் நேராக எடுத்துப் பயன்படுத்தியதால் வந்த குழப்பம் பல வருடம் நீடித்தது. 2006-ல் பொதுப் பகுதியை மட்டும் வடிகட்டி இன்ஸ்டால் செய்யும் கட்டளை சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரே ஹெடருக்குள் பொதுவும் அந்தரங்கமும் கலந்தே கிடந்தன. ரிட்சி இறந்த மறு ஆண்டு, 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில்தான் பயனர்களுக்கான ஹெடர்கள் யூஏபிஐ என்ற தனி ஃபோல்டருக்குப் பிரித்து மாற்றப்பட்டன. இப்போது ஒருவர் கெர்னலுக்கு பேட்ச் அனுப்பும்போது, அந்த ஃபோல்டருக்குள் ஒரு வரி மாறினாலும் பராமரிப்பாளர்கள் இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்கிறார்கள். வெளியே இருக்கும் ஃபோல்டரில் எவ்வளவு மாறினாலும் அந்தக் கெடுபிடி இல்லை.

ஒப்படைக்காமல் போன ரிட்சியின் ஆய்வேட்டின் பிரதி ஒன்று பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்தது. கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2020-ல் அதை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது.